ஊசி வெளியே வரும்வரை

யோசனை வந்தது காலை ஒன்பதே காலுக்கு. அப்போது நான் வீடியோ காலில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

திட்டியவர் எங்கள் தொடரின் இயக்குநர். அவர் சென்னையில் ஏசி அறையில். நான் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடமான வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடி. தொடரின் கதை, பெண்கள் விடுதி ஒன்றின் வார்டன் உண்மையில் நூற்றைம்பது வருடமாகச் சாகாமல் இருக்கும் ரத்தக்காட்டேரி என்பது. நாற்பது எபிசோடாக அவள் பாட்டுக்கு ரத்தம் குடித்துக்கொண்டிருந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. திடீரென்று சேனலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவள் ஏன் இப்படி ஆனாள்? அதற்காக முழுக்க ப்ளாஷ்பேக்கிலேயே ஒரு எபிசோட். அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வருடமாக அடுத்தவர்களின் வசனத்தில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கு இது முதல் எபிசோட். டைட்டிலில் என் பெயர் வரும்.

மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன.

"ஃபீல் வரலமா" என்றார் இயக்குநர். "ஜமீன்தார் கொன்னான், பஞ்சத்துல செத்தா, அண்ணன் ஏமாத்தினான், இதெல்லாம் ஜனங்க பாத்தாச்சு. எனக்கு ஒரே ஒரு காரணம் குடு. வீட்ல இருக்கிற லேடீஸ் காட்டேரிக்காக அழணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ஓகே சார்."

பின்னால் நாற்காலியில் அப்பா முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சுகர் டெஸ்ட். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர், சுகர் கட்டுக்குள் இருந்தால்தான் வண்டியைக் கையில் கொடுப்பார்கள். லேப் ஆள் அப்போதுதான் போயிருந்தான்.

"வர்றான், காதுல அத மாட்டிக்கினே குத்தறான், போறான்" என்று அப்பா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "அந்தம்மா இருந்துச்சின்னா ஒரு அரைக் கதையாவது கேட்டிருக்கலாம்."

சமையலறையில் அம்மா ஒரு மூடியை 'ணங்' என்று வைத்தாள்.

எனக்குள் மின்சாரம் பாய்ந்தது. பத்து வருடமாக என் கண்முன்னே ஒரு ரத்தக்காட்டேரி ஸ்கூட்டரில் போய் வந்திருக்கிறாள். நான் ஜமீன்தாரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது, எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. ரசீதில் லேப் பெயர்தான் இருக்கும். பெரியவர்களுக்கு 'ரத்தம் எடுக்கறம்மா', பிள்ளைகளுக்குக் காட்டேரி. காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு எல்லோரும் எரிச்சலில் இருக்கும் நேரத்தில், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஐஸ் பெட்டியை இறுக்கி வைத்துக்கொண்டு வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் அதற்குள் எப்படியோ கசங்காத மல்லிப்பூ. நாற்பது வயதும் சொல்லலாம், ஐம்பத்தைந்தும் சொல்லலாம்.

அவள் வேலை செய்யும் முறை இரண்டு பாகம். கையில் ரப்பரைக் கட்டி, இரண்டு விரலால் தட்டி நரம்பைத் தேடும்போது நம்மைப் பேச வைப்பாள். "நரம்பு ஒளிஞ்சிக்கினு இருக்குது பாரு. ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது? ஊட்ல சண்டையா?" ஊசிக்குப் பயந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்போம். பயத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் எதையாவது சொல்லித் தொலைப்போம். ஊசி இறங்கியதும் அவள் ஆரம்பிப்பாள், தன் கதையை. ட்யூப் நிறையும்வரை அந்தக் கதை ஓடும். ஊசி வெளியே வந்தால் கதையும் நின்றுவிடும். எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

எனக்குப் பதினான்கு வயதில் ரத்தசோகை. பள்ளியில் மயங்கி விழுந்ததால் அம்மா அவளை வரச் சொன்னாள்.

"நான் உன்ன மாரி இருக்கசொல்ல" என்று என் கையில் ஊசியை ஏற்றிவிட்டு அவள் சொன்னாள், "ஒரு கோழிய காப்பாத்த கெணத்துல குதிச்சிட்டேன். குதிச்சப்பறந்தான் ஞாபகம் வருது, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு. கோழி என் தல மேல ஏறி நிக்குது. மேலேந்து ஒரு கயிறு எறங்குது. கயித்து முனையில இன்னா கட்டியிருந்துச்சி தெரியுமா..."

"இன்னா?"

"அவ்ளோதான் கண்ணு. பஞ்ச அழுத்திப் புடி."

கயிற்றின் முனையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதிக் கதை அடுத்த முறை வரும் என்று காத்திருந்தால், அடுத்த முறை வேறு கதை வரும். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஒரே நாளில் இரண்டு ட்யூப். இரண்டு மணி நேரத்தில் கூட அவள் பழைய கதைக்குத் திரும்பியதில்லை. பொங்கலும் வடையும் சாப்பிட்ட கையை நீட்டிக்கொண்டு அப்பா கெஞ்சுவார். "அந்தக் கதைய முடிச்சிட்டுப் போம்மா." அவள் சிரிப்பாள். "அது காலி வயித்துக் கதை சார்."

எரிச்சல்தான் வரும். ஆனாலும் ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாதான் அதை நிறுத்தினாள். "அவ குத்தினா கை வீங்கிப் போவுது. வேற லேபு பாக்கலாம்." அப்பாவின் கை வீங்கி நான் பார்த்ததில்லை.

இயக்குநர் இன்னும் லைனில் இருந்தார். "என்னம்மா சிரிக்கிற?"

"சார், ஒரு நிமிஷம்." அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, அந்த பஸ் கதைய சொல்லு."

சொல்ல வேண்டுமா அவருக்கு? எட்டு வருடமாக ஒத்திகை பார்த்த மாதிரி அவள் குரலிலேயே சொன்னார். "'எங்கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலம், பூ வாங்கியாறேன்னு சொல்லிட்டு விழுப்புரம் பஸ் ஏறிட்டேங்க சார். நர்ஸ் ட்ரெயினிங்ல சேர லெட்டர் வந்திருந்துச்சி. ஜாக்கெட்டுக்குள்ள மடிச்சி வெச்சிக்கினேன். விழுப்புரம் போயிட்டா அங்கேந்து ரயிலு. விக்கிரவாண்டி கிட்ட வண்டி மெதுவாவுது, பின்னாடி சீட்டுலேந்து ஒரு கை எந்தோள தொடுது. திரும்பிப் பாத்தா...' அவ்ளோதான். ஊசிய உருவிடுச்சி."

லேப்டாப்பிலிருந்து இயக்குநர் கத்தினார். "இதாம்மா! இதுதான்! கல்யாணத்த விட்டு ஓடற பொண்ணு, பின்னாடி சீட்டு, கை! அந்தக் கைதான் அவள காட்டேரி ஆக்குது! யாரு அது? யாரு பின்னாடி சீட்ல?"

"ரெண்டு ட்யூப் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

"கண்டுபிடிச்சிடறேன் சார்" என்றேன் நான். நானாகத்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம் போனேன். அவள் அங்கே புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு லேபில் இருப்பதாகக் கேள்வி. பஸ் விக்கிரவாண்டியில் மெதுவானபோது நானும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் கடலை வாசம் அடிக்கும் மல்லாட்டை மூட்டையின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லேபில் வரவேற்பில் இருந்த பெண், "அவங்க நின்னு மூணு வருஷம் ஆவுதுங்க" என்றாள். போன் நம்பர் இல்லை, எங்கே போனாள் என்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடமும் ஒரு துண்டு இருந்தது. "பாவம்ங்க, அவங்க அப்பா மிலிட்டரி. லீவுல வந்தவரு திரும்பிப் போவசொல்ல ஒரு பொட்டிய மறந்துட்டுப் போயிட்டாராம். அத தொறந்தா உள்ள..."

"உள்ள?"

"அதுக்குள்ள எனக்கு எடுத்து முடிச்சிட்டாங்க."

புதன்கிழமை எங்கள் ஊரிலேயே விசாரித்தேன். அடுத்த தெரு விளையாட்டு வாத்தியார் ரிட்டையராகியும் கழுத்தில் விசில் போட்டிருக்கிறார். அவர் ஒரே அடியாகச் சொன்னார். "அப்பனா? அந்தப் பொண்ணு வயித்துல இருக்கசொல்லவே செத்துட்டான். எங்கிட்ட சொல்லி அழுதுச்சி." கோட்டக்குப்பத்திலிருந்து வந்து கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய் சிரித்தார். "யாரு சொன்னா செத்தான்னு? அவ வாப்பா மாரி எங்க ஊர்ல நூறு பேரு. பதினெட்டு வருஷம் குவைத்து. ஊருக்கு வந்து இறங்கினா பெத்த பொண்ணு அவர பாத்து 'அங்கிள்'னு கூப்புட்டுச்சாம். மேல கேக்கறதுக்குள்ள 'ஜல்தி கைய மடிங்க பாய்'ன்னுட்டா. எம்மாம் பேஜாரு தெரியுமா? அந்த மீதிய கேக்கவே நான் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தேன்."

வீட்டுக்கு வந்து சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். நடுவில் காட்டேரி, சுற்றிலும் அவளுடைய அப்பாக்கள். மிலிட்டரி அப்பா, செத்த அப்பா, குவைத் அப்பா. இயக்குநருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'எந்த அப்பா ஸ்ட்ராங்?' என்று பதில் வந்தது. லேப்டாப்பை வாஷிங் மெஷினுக்குள் போட்டு ஓட விடலாமா என்று தோன்றியது.

எனக்குக் கோபம் அவள் மேல்தான். ஒரு மனுஷிக்கு ஒரு கடந்தகாலம் இருக்கக் கூடாதா? ஒழுங்காக, ஆரம்பம் முடிவோடு? ரத்த ட்யூபில் பெயரும் வயதும் எழுதி ஒட்டாமல் அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. அந்த ஒட்டும் காகிதத்தில் ஒன்றைத் தன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வியாழக்கிழமை கடைசியாக மரக்காணம் ரோட்டுத் தையல்கார அக்காவிடம் போனேன். தைராய்டுக்காகப் பல வருடம் அவளிடம் ரத்தம் கொடுத்தவர். மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"அவங்க அப்பா பஸ் டிரைவர் பாப்பா."

நான்காவது அப்பா. சலிப்போடு போனில் குறித்துக்கொண்டேன்.

"உங்க அப்பா மாரியே. ஒரு நாளு ஒலக்கூர் கிட்ட சைக்கிள்காரரு ஒருத்தர் வண்டில அடிபட்டுட்டாரு. இவரு மேல தப்பில்ல. மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டாராம். யாருகிட்டயும் பேசல. பாத்ரூமுக்குள்ள போயி கொழாய தொறந்து வுட்டுக்கினு அழுதிருக்காரு, வெளிய சத்தம் கேக்கக் கூடாதுன்னு. இந்தம்மா அப்ப சின்னப் பொண்ணு. துண்டு எடுத்துக்கினு போயி கதவண்ட நின்னுச்சாம். தட்டலாமா வேணாமான்னு. அப்பறம் துண்ட கதவு கொண்டியில மாட்டிட்டு, ஒன்னுமே தெரியாத மாரி திரும்ப ஸ்கூலுக்குப் போயிடுச்சாம். எனக்கு அன்னிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. என்ன பாப்பா, எழுதிக்கல?"

நான் எழுதவில்லை.

அது பச்சைக் கட்டம் போட்ட துண்டு. கொண்டி துருப்பிடித்திருந்தது. எனக்குப் பத்து வயது. சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, உலகத்தில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. ஒருவரிடம் தவிர. ரப்பரைக் கட்டி, இரண்டு விரலால் தட்டி, 'ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது' என்று கேட்டவளிடம்.

அவள் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தான் சொன்னது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு கையில் எடுத்ததை அடுத்த கையில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். என் துண்டைத் தையல்கார அக்காவுக்கு. எவர் வீட்டுக் கிணற்றையோ எனக்கு. யார் வீட்டுக் குவைத்தையோ பாய்க்கு. ட்யூபுக்கு மட்டும்தான் பெயர் எழுதி ஒட்டினாள்.

மரக்காணம் ரோட்டிலிருந்து நடந்து வந்தேன். பாதி வழியில்தான் அந்த மூடிச் சத்தம் ஞாபகம் வந்தது. ணங்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா டூட்டியில்.

"அம்மா, நீ அந்த லேபை ஏன் மாத்தின?"

"கை வீங்குச்சி."

"யாரு கை?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"எனக்கு ரத்தம் எடுத்துட்டுப் போன மறு மாசமே உங்கப்பா கையில குத்திக்கினு நான் சொன்ன பஸ் கதையையே சொல்றா. நான் காப்பி எடுத்துக்கினு வந்தவ அப்படியே நின்னுட்டேன். இந்த ஊட்டு மனுஷிகிட்ட எடுத்தத இந்த ஊட்டு மனுஷனுக்கே சொல்றமேன்னு கூடத் தெரியல. ஒரு நாளைக்கி நாப்பது ஊடு ஏறி எறங்கறா, எது எங்கன்னு எப்படித் தெரியும்?"

"நீ கேக்கலயா?"

"கேட் வரைக்கும் பின்னாடியே போயி கேட்டேன். 'அது என் கதை இல்லையாம்மா, நான்தான உங்கிட்ட சொன்னேன்'னு. ஹெல்மெட்ட கையில வெச்சிக்கினு முழிக்கறா. நடிக்கல. நெஜமாவே முழிக்கறா. 'அப்படிங்களா? எனக்கு நடந்த மாரியே இருந்துச்சிங்க'ன்னா."

திட்டக்கூட முடியவில்லையாம் அம்மாவுக்கு. அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது?

ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டேன். "பின்னாடி சீட்டுல யாரும்மா?"

"யாருமில்ல. கை, தோளு, அதெல்லாம் அவ சேத்துக்கினது. விக்கிரவாண்டி வந்துச்சி, நானே எறங்கினேன். பூ வாங்கிக்கினு வேற பஸ்ஸுல திரும்பி வந்தேன்." கடைசித் துணியை அடுக்கின் மேல் வைத்தாள். "உங்கப்பாவ புடிக்காம ஒன்னும் போவல. அப்ப உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா அத அவருகிட்ட எப்படிச் சொல்றது? அவரு கேட்டுக்கினே இருக்காரு."

கேட்டுக்கொண்டு மட்டும் இல்லை. எந்த வண்டி என்று டிப்போவில் கூட விசாரித்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்கும் வண்டி என்றால் இன்ன டிரைவராகத்தான் இருக்கும் என்ற வரைக்கும் வந்திருக்கிறார். இருபத்தாறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பயணியை விட்டுவிட்டு.

அம்மா தயங்கிக் கேட்டாள். "அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல அந்த சாரு கத்தினாரே. அதையா எழுதப் போற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதையை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். யாருடையது என்று தெரியாமலே, எனக்குக் கிடைத்தது என்று. ரத்தம் எடுக்கிறவள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவளிடம் ஐஸ் பெட்டியாவது இருந்தது.

அன்றே உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினேன். காட்டேரிக்குச் சொந்தமாக ஒரு நினைவும் இல்லை, குடித்த ரத்தத்தில் இருந்த நினைவுகள்தான் அவளுக்கு ப்ளாஷ்பேக்காக வருகின்றன என்று. நான்கு அப்பாக்களையும் வைத்தேன். துண்டு வைத்தேன், அது என்னுடையது, வைக்கலாம். பஸ்ஸை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அனுப்பினேன். மதியம் அழைப்பு வந்தது.

"நல்லா இருக்குமா. ஆனா பஸ் எங்க?"

"பஸ் வேணாம் சார்."

"பஸ்ஸுக்காகத்தான் சேனல் ஓகே சொல்லியிருக்கான். நீ எழுதலன்னா வேற ரைட்டர வெச்சு எழுதிக்கறேன். கதைதான் கையில இருக்கே. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

கதைதான் கையில இருக்கே. சரியாகத்தான் சொன்னார். வேறு எவனாவது எழுதினால் பெண் விக்கிரவாண்டியில் இறங்கினாலும் இறங்குவாள், கையில் பூ இருக்கும், ஜாக்கெட்டுக்குள் கடிதம் இருக்கும். அப்பா தினமும் ஏழரை மணிக்கு இந்தத் தொடரைப் பார்க்கிறார். மகள் வேலை செய்யும் தொடர் என்பதால் விளம்பரத்தைக் கூட மாற்ற விடமாட்டார். அம்மா எந்தப் பூவோடு எந்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள் என்பது அவள் பிறந்த ஊரான ஒலக்கூரில் இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கலாம்.

மாலை அப்பா டூட்டி முடிந்து வந்தார். கால் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா, கண்டுபிடிச்சிட்டியா? பின்னாடி சீட்டுல யாரு?"

அம்மா தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"திங்கக்கிழமை சொல்றேம்ப்பா."

"எட்டு வருஷம் இருந்தாச்சி. ரெண்டு நாளு இருக்க மாட்டனா" என்றார்.

இரண்டு நாள் இருக்கிறது. சார்ட்டைக் கிழித்துவிட்டேன். இப்போது நான் எழுதப் பார்ப்பது இதுதான். பஸ்ஸில் ஓடும் பெண் காட்டேரி அல்ல. காட்டேரி உட்கார்ந்திருப்பது பின் சீட்டில், மடியில் ஒரு பெட்டி, தலையில் கசங்காத மல்லிப்பூ. வண்டி மெதுவாகும்போது அவள் முன்னால் இருக்கும் தோளைத் தொடுகிறாள். 'ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது?' என்று கேட்கிறாள். பெண் சொல்லச் சொல்ல அந்தக் கதை முழுவதும் காட்டேரிக்குள் போய்விடுகிறது. பயத்தோடும் வீட்டு ஞாபகத்தோடும் சேர்த்து. அன்றிலிருந்து அது காட்டேரிக்கு நடந்ததாகிவிடுகிறது. அப்பாவுக்கு அவர் கேட்ட பதில் கிடைத்துவிடும்: பின் சீட்டில் இருந்தது அந்தம்மாவேதான். ஊரில் எவரும் இது எங்கள் வீட்டுக் கதை என்று சொல்ல முடியாது. ஏனென்றால் முடிவு வேறு.

காட்சி ஒன்று. மாலை. விழுப்புரம் செல்லும் பேருந்து. ஜன்னலோரம் ஒரு பெண், வயது இருபத்திரண்டு. இந்த முறை அவளை விக்கிரவாண்டியில் இறங்க விடப்போவதில்லை.